அணியத்துக்கு முன்னாடி என்ன கிடக்கு? – கேப்டன் பதில்கள்

போன இதழ்ல கனடா ஆர்க்டிக்ல பாறை மேல ஏறி உக்காந்த ஒரு சுற்றுலா கப்பல பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுல 'முன்னோக்கு சோனார் ரிப்பேரா கிடந்துச்சு'ன்னு ஒரு வாக்கியம் வந்துச்சு. அந்த ஒரு வாக்கியத்துக்கு இத்தன கடிதம் வரும்னு நான் எதிர்பாக்கல. கேடட் பசங்க, படகுக்காரங்க, ஒரு அம்மா, காலேஜ் பொண்ணு ஒருத்தி... அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சிட்டேன், இந்த தடவை முழுசும் சோனார்தான். முன்னோக்கு சோனார்னா, தண்ணிக்குள்ள சத்தத்த அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலிய வச்சு அணியத்துக்கு, அதாவது கப்பலோட முன்முனைக்கு, முன்னாடி என்ன கிடக்குன்னு காட்டுற கருவி.

கேள்வி: ஐயா, நான் டெக் கேடட். இப்ப சேந்திருக்கிற கப்பல்ல ஃபார்வர்ட் லுக்கிங் சோனார் (முன்னோக்கு சோனார்) இருக்கு. ஸ்கிரீன்ல சிவப்பு, மஞ்சள், நீலம்னு கலர் கலரா ஓடுது. சீனியர்கிட்ட கேட்டா 'சிவப்பு வந்தா கூப்பிடு'ன்னு மட்டும் சொல்றாங்க. எப்படி படிக்கிறது? – தூத்துக்குடி வாசகர்

தம்பி, முதல் வேலையா அந்த சிவப்புக்கு உன் மெஷின்ல என்ன அர்த்தம்னு மெனுவுல போயி பாரு. ஒரு செட்டிங்ல கலர் ஆழத்த காட்டும், அதாவது சிவப்புன்னா அங்க தண்ணி கம்மி. இன்னொரு செட்டிங்ல கலர் எதிரொலி எவ்வளவு பலமா வந்துச்சுங்கறத காட்டும், அப்ப 40 மீட்டர் ஆழத்துல கிடக்கிற இரும்பு ரெக்கும் (மூழ்குன கப்பல்) சிவப்பாதான் தெரியும், உன் கப்பலுக்கு அதனால ஒண்ணும் ஆகாது, அதே நேரம் 3 மீட்டர்ல சேறு மூடி நிக்கிற ஒரு மேடு மங்கலான நீலமா வரும், அதுதான் உன்ன நிப்பாட்டும். 'சிவப்பு வந்தா கூப்பிடு'ங்கறது முதல் செட்டிங்ல பாதி சரி, ரெண்டாவதுல ஆபத்து. முன்னாடி வாட்ச் டியூட்டி பாத்தவர் எந்த செட்டிங்ல விட்டுட்டு போனாருன்னு டேக் ஓவர் பண்ணும்போதே பாத்துக்கோ.

அடுத்தது, உன் கப்பல்ல இருக்கிறது எந்த வகைன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு வகை செங்குத்தா ஒரு துண்டு வெட்டி காட்டும், கப்பலுக்கு நேர் முன்னாடி தரை எப்படி ஏறி இறங்குதுன்னு பக்கவாட்டு படமா வரும். இதுல ஆழமும் தூரமும் தெரியும், ஆனா வலமா இடமான்னு தெரியாது, பத்து டிகிரி தள்ளி இருக்கிற பாறையும் நேர் முன்னாடி இருக்கிற மாதிரிதான் வரைஞ்சு காட்டும். இன்னொரு வகை ரேடார் மாதிரி விசிறியா விரிச்சு காட்டும், இதுல திசையும் தூரமும் சுத்தமா தெரியும், ஆழம்தான் தெரியாது. 300 மீட்டர்ல ஒரு புள்ளி வந்தா அது கடல் தரையா, தண்ணி மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழ நிக்கிற பாறையான்னு படத்த மட்டும் வச்சு சொல்லவே முடியாது. மூணாவது 3டி. அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல இருக்கிற ஃபார்சவுண்டர் கம்பெனியோட ஆர்கோஸ் வரிசை இதுதான், 350, 500, 1000னு மாடல் பேர்லயே ரேஞ்ச் மீட்டர்ல இருக்கும். இதுல மூணு விஷயமும் ஒரே ஒலித்துடிப்புல வந்துடும். கடல் தண்ணியில சத்தம் செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் ஓடுது, 500 மீட்டர் போயிட்டு திரும்பி வர முக்கா செகண்டுக்கும் கொறச்சல்தான் ஆகும், அதனால படம் ஒண்ணு ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா புதுசாகிட்டே இருக்கும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வர்றத கேளு. மழை பெஞ்ச ராத்திரி தார் ரோட்டுல வண்டி ஓட்டியிருக்கியா? ஹெட்லைட் போட்டா ரோடே தெரியாது, வெளிச்சம் ஈர ரோட்டுல வழுக்கிட்டு முன்னாடி போயிடும், நம்ம கண்ணுக்கு திரும்பி வராது. குறுக்க ஒரு மாடு நின்னா மட்டும் பளிச்சுன்னு தெரியும். சோனாரும் அப்படித்தான். முன்னாடி தட்டையான மணல் தரை இருந்தா சத்தம் அதுமேல சாய்வா பட்டு முன்னாடியே தெறிச்சு போயிடும், கொஞ்சம்தான் திரும்பி வரும். அதனால பக்கத்துல தரை நல்லா தெரியும், தூரம் போகப்போக தரை மங்கி காணாம போயிடும். ஸ்கிரீன்ல அந்த இடம் வெறுமையா இருக்கும். அந்த வெறுமைய 'அங்க ஒண்ணும் இல்ல'ன்னு படிக்கிறதுதான் நான் பாத்த புது ஆபீசருங்க எல்லாரும் பண்ற தப்பு. தரை எதுவரைக்கும் தெரியுதோ அதுவரைக்கும்தான் மெஷின் பாத்துட்டு சொல்லுது. 200 மீட்டர் வரைக்கும் தரை தெரியுது, ரேஞ்ச் 500ல வச்சிருக்கன்னு வை, மிச்ச 300 மீட்டர் உனக்கு தெரியாத கடல். செங்குத்தா எழும்பி நிக்கிற பாறை ஒண்ணு இருந்தா அதுக்குள்ளயும் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

இன்னொண்ணு, ஆழம் எங்க இருந்து அளக்குதுன்னு கேட்டு வச்சுக்கோ. டிரான்ஸ்டியூசர் (சத்தத்த அனுப்பி வாங்குற உறுப்பு) தண்ணி மட்டத்துக்கு 3 மீட்டர் கீழ இருக்கு, உன் டிராஃப்ட் (கப்பல் தண்ணிக்குள்ள இறங்கியிருக்கிற ஆழம்) 5 மீட்டர்னு வச்சுக்குவோம். ஸ்கிரீன் 4 மீட்டர் காட்டுது. அது டிரான்ஸ்டியூசருக்கு கீழ 4ன்னா மொத்த தண்ணி 7, கீலுக்கு (கப்பலோட அடிமட்டம்) கீழ வெறும் 2 மீட்டர். அதையே கீலுக்கு கீழ 4ன்னு யாராச்சும் நெனச்சிட்டா என்ன ஆகும்னு நீயே கணக்கு போட்டுக்கோ.

கேள்வி: அண்ணே, எங்ககிட்ட விசைப்படகு இருக்கு, எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ் ரெண்டும் இருக்கு. நீங்க எழுதுன சோனார மாட்டுனா பார்ல (கடலடி பாறைத்திட்டு) இடிக்காம போகலாமா? இல்ல இருக்கிற எக்கோ சவுண்டரையே அணியம் பக்கமா சாச்சு வச்சா போதுமா? – ராமேஸ்வரம் வாசகர்

சாச்சு வைக்கிறது வேணாம் தம்பி. எக்கோ சவுண்டர் நேர் கீழ சத்தத்த அனுப்பி, திரும்பி வர்ற நேரத்த ஆழமா மாத்தி காட்டுது. அத சாச்சு வச்சா தூரம்தான் கிடைக்கும், எந்த கோணத்துல இருந்து வந்துச்சுன்னு அதுக்கு தெரியாது, அதனால 20 மீட்டர்னு காட்டுறது முன்னாடி இருக்கிற பாறையா, சாய்வா பட்ட தரையான்னு உனக்கும் தெரியாது. இருந்த ஒரு நல்ல ஆழமானியும் கெட்டுப்போகும். முன்னோக்கு சோனார்ல சின்ன சின்ன கேட்கும் உறுப்பு வரிசையா நிறைய இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் எதிரொலி எவ்வளவு முன்ன பின்ன வந்து சேருதுன்னு பாத்துதான் கோணத்த கணக்கு போடுது.

வாங்கி மாட்டுனா உதவுமான்னா, பாக் ஜலசந்தியில கொஞ்சம்தான் உதவும், காரணம் ஆழம். இந்த சோனார் எவ்வளவு தூரம் பாக்கும்ங்கறத கீழ இருக்கிற ஆழம்தான் முடிவு பண்ணும். சின்ன படகுக்கு வர்ற மாடல் சிலதுல கம்பெனிக்காரங்களே ஆழத்த போல 8 மடங்கு வரைக்கும்னுதான் சொல்றாங்க, நான் அதுலயும் பாதிதான் கணக்குல எடுத்துக்குவேன். நீ மூணு பாகம் தண்ணியில ஓடுற, அதாவது அஞ்சரை மீட்டர். 8 மடங்குன்னே வச்சுக்கிட்டாலும் 44 மீட்டர். 7 நாட்ல (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல் வேகம், சுமார் 1.85 கிலோமீட்டர்) ஓடுனா அந்த 44 மீட்டரும் 12 செகண்ட்ல உன் காலடிக்கு வந்துடும். மெதுவா ஊர்ந்து ஒரு வாய்க்கால் வழியா உள்ள போறதுக்கு அது போதும், வலை இழுத்துட்டு வேகமா வீடு திரும்புறதுக்கு போதாது. ஃபைபர் படகா இருந்தா அடியில காத்துக்குமிழி வேற ஓடும், குமிழி ஒலிக்கு சுவர் மாதிரி, டிரான்ஸ்டியூசர எங்க வைக்கிறங்கறதுலதான் பாதி வேலை இருக்கு.

கலங்கல் தண்ணி, ராத்திரி இந்த ரெண்டுலயும் கண்ணு ஒண்ணுத்துக்கும் ஆகாது, அங்க சோனார்தான் ஒசத்தி, கலங்கல் அதுக்கு பெருசா தடையில்ல. ஆனா மன்னார் வளைகுடா பக்கம் தெளிஞ்ச தண்ணியில, சூரியன் ஒசரத்துல நமக்கு பின்னாடி இருக்கும்போது அணியத்துல ஒரு ஆள நிக்க வச்சா, தண்ணி நிறம் மாறுறத வச்சே பார் எங்க இருக்குன்னு அவன் சொல்லிடுவான், அந்த ஆள இறக்கிட்டு ஸ்கிரீன மட்டும் நம்பாத. ஈயக்குண்டு போட்டு பாகம் கணக்குல ஆழம் பாத்த தலைமுறை குண்டோட அடியில கொழுப்ப தடவி, ஒட்டிக்கிட்டு வர்ற மணலையும் சிப்பியையும் வச்சு இடத்தையே சொல்லிடுவாங்க. கீழ இருக்கிறது மணலா சேறா பாறையான்னு நீ தெரிஞ்சு வச்சிருக்கிறது சோனார் படிக்கவும் உதவும், சேறு சத்தத்த குடிச்சிடும், பாறை அப்படியே திருப்பி அடிக்கும்.

கேள்வி: என் மகன் அன்டார்டிகா போற சுற்றுலா கப்பல்ல தேர்ட் ஆபீசரா இருக்கான். நீங்க எழுதுன அந்த கப்பல் விஷயத்த படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே வரல. அங்க என்ன நடந்துச்சு, சோனார் இருந்திருந்தா தப்பிச்சிருக்குமா? – மதுரை வாசகி

அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த கப்பல்ல ஒருத்தருக்கும் ஒரு கீறல் கூட விழல.

கப்பல் பேரு கிளிப்பர் அட்வென்ச்சரர், சுமார் 100 மீட்டர் நீளம். 2010 ஆகஸ்ட் 27, கனடாவோட வடக்கு ஓரம், நுனாவுட்ல கொரோனேஷன் வளைகுடா. 128 பயணிகள், 69 சிப்பந்திகள். குக்லுக்டுக்ங்கற ஊருக்கு போயிட்டு இருந்தாங்க, கிட்டத்தட்ட 14 நாட், அதாவது முழு வேகம். அந்த வழியில சார்ட்ல (கடல் வரைபடம்) இருந்தது ஒரே ஒரு வரிசை ஆழ அளவுதான், எப்பவோ ஒரு கப்பல் போனப்ப வரிசையா எடுத்து வச்சது, அதுக்கு ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு யாரும் முழுசா அளக்கல. அப்படிப்பட்ட இடத்துல தண்ணிக்குள்ள இருந்த ஒரு பாறைத்திட்டு மேல கப்பல் ஏறி நின்னுடுச்சு. அந்த திட்ட 2007லயே கண்டுபிடிச்சு கனடா கோஸ்ட் கார்ட் அறிவிப்பு கொடுத்திருந்தாங்க, அந்த அறிவிப்பு இந்த கப்பலோட பிரிட்ஜுக்கு (கப்பல ஓட்டுற அறை) போய் சேரல. கப்பல்ல முன்னோக்கு சோனார் இருந்துச்சு, வேலை செய்யல. அமண்ட்சென்ங்கற கோஸ்ட் கார்ட் கப்பல் வந்து பயணிகள எறக்கி கூட்டிட்டு போச்சு.

சோனார் ஓடியிருந்தா தப்பிச்சிருக்குமான்னு கேட்டீங்க. அதே வேகத்துல போயிருந்தா தப்பிச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. 14 நாட்ங்கறது செகண்டுக்கு 7 மீட்டர், 300 மீட்டர்ல பாறைய பாத்தா கையில இருக்கிறது 40 செகண்ட். ஒருத்தர் ஸ்கிரீன பாத்து, 'இது நெஜமா'ன்னு யோசிச்சு, ஸ்டியரிங்குக்கு சொல்லி, கப்பல் திரும்ப ஆரம்பிக்கிறதுக்குள்ள அது முடிஞ்சிடும். ஆனா வேலை செய்யற கண்ணு ஒண்ணு இருந்து, அந்த கண்ணுக்கு ஏத்த வேகத்துல போயிருந்தா தப்பிச்சிருக்கும். என்ன பொறுத்தவரைக்கும் அங்க மொத தப்பு சோனார் ரிப்பேரானது இல்ல, அது ரிப்பேர்னு தெரிஞ்சும் வேகத்த கொறைக்காம போனது. கண்ணாடி ஒடஞ்சு போச்சுன்னா நாம மெதுவாதான நடப்போம்.

சட்டத்த பத்தியும் ஒரு வரி. கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் விதிப்படி பயணிகள் கப்பலுக்கு எக்கோ சவுண்டர் கட்டாயம், முன்னோக்கு சோனார் கட்டாயம் இல்ல. 2017 ஜனவரி 1ல இருந்து போலார் கோட் (துருவக் கடல்ல ஓடுற கப்பலுக்கான விதி) அமலுக்கு வந்துடுச்சு, அதுக்கு அப்புறம் கட்டுன பனிக்கடல் கப்பலுக்கு எக்கோ சவுண்டர்லயே ரெண்டு தனித்தனி ஏற்பாடு கேக்குறாங்க, அது நல்ல விஷயம், ஆனா ரெண்டும் கீழதான் பாக்கும். உலகத்துல கடல் தரையில 2024 வரைக்கும் ஒழுங்கா அளந்து முடிச்சது 26.1 சதவீதம்தான். அன்டார்டிகா பக்கம் போற கப்பல்காரங்க சட்டம் கேக்கலன்னாலும் இந்த சோனார நிறைய பேரு மாட்டியிருக்காங்க. உங்க மகன் போன் பண்ணும்போது, 'உங்க கப்பல்ல முன்னோக்கு சோனார் ஓடுதாப்பா, அது ஓடலன்னா எத்தன நாட்ல போகணும்னு கேப்டன் எழுதி வச்சிருக்காரா'ன்னு கேளுங்க. அம்மா கேட்ட கேள்விய பையன் மறக்க மாட்டான்.

கேள்வி: டைட்டானிக் மூழ்குனதாலதான் சோனாரே வந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா? – காரைக்கால் வாசகர்

பெரும்பாலும் உண்மைதான். 1912 ஏப்ரல்ல டைட்டானிக் போச்சு, அதே வருஷமே லூயிஸ் ரிச்சர்ட்சன்ங்கறவர் எதிரொலிய வச்சு கப்பலுக்கு முன்னாடி இருக்கிறத கண்டுபிடிக்கிற யோசனைக்கு இங்கிலாந்துல பேடன்ட் விண்ணப்பம் போட்டுட்டார். செஞ்சு காட்டுனவர் ரெஜினால்ட் ஃபெசென்டன். 1914 ஏப்ரல் 27, நியூஃபவுண்ட்லாந்து பக்கம் கிராண்ட் பேங்க்ஸ்ல, மியாமிங்கற அமெரிக்க ரெவென்யூ கட்டர்ல (அரசு ரோந்துக் கப்பல்) இருந்து ரெண்டு மைல் தூரத்து பனிமலையோட எதிரொலிய கேட்டார். கவனிச்சு பாருங்க, ஆரம்பத்துல இது முன்னாடி பாக்குறதுக்காக வந்த கருவி. அப்புறம் உலகப்போர் வந்து நீர்மூழ்கி தேடுற கருவியா மாறிடுச்சு, வணிகக் கப்பலுக்கு கீழ பாக்குற எக்கோ சவுண்டர் மட்டும் தங்கிடுச்சு. முன்னாடி பாக்குற ஆசை நூறு வருஷம் கழிச்சும் சட்டத்துல ஏறலங்கறது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

கேள்வி: சார், நான் செகண்ட் ஆபீசர். எங்க கேப்டன் 'ஸ்கிரீன் கிளியர், வேகத்த கொறைக்காத'ங்கறார். சார்ட்ல அந்த ஏரியா சர்வே சரியில்லன்னு போட்டிருக்கு. என்ன சொல்லி அவருக்கு புரிய வைக்கிறது? – சிங்கப்பூர் வாசகர்

கேப்டன்கிட்ட வாதாட வேணாம், கணக்கா எழுதி காட்டுங்க. ஐஎம்ஓ (ஐ.நா.வோட கடல் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி கப்பலுக்கு நிக்குற தூரம் 15 கப்பல் நீளத்துக்குள்ள இருக்கணும், சுக்கான முழுசா திருப்புனா முன்னாடி போற தூரம் நாலரை நீளத்துக்குள்ள இருக்கணும். 100 மீட்டர் கப்பல்னா மொதலாவது 1500 மீட்டர் வரைக்கும் போகலாம், ரெண்டாவது 450. உங்க கப்பலோட சொந்த நம்பர் பிரிட்ஜ்ல வீல்ஹவுஸ் போஸ்டர்லயே ஒட்டியிருக்கும். அத எடுத்து, அன்னைக்கு ஸ்கிரீன்ல தரை எத்தன மீட்டர் வரைக்கும் தெரியுதுன்னு பக்கத்துல எழுதுங்க. தரை 250 மீட்டர்தான் தெரியுது, திரும்பவே 400 வேணும்னா, 'கிளியர்'ங்கற வார்த்தைக்கு அங்க எடமே இல்ல. இன்னொண்ணும் எழுதுங்க: வேகத்த கொறச்சா நிக்குற தூரம் மளமளன்னு கொறையும், திரும்புற வட்டம் அவ்வளவா கொறையாது. அதனால தெரியாத தண்ணியில நம்மள காப்பாத்துறது மெதுவா போயி நிப்பாட்டுறதுதான், கடைசி நேரத்துல சுக்கான ஒடிக்கிறது இல்ல.

வேகத்துல இன்னொரு கெடுதலும் ஒளிஞ்சிருக்கு, ஸ்க்வாட். ஆழம் கொறஞ்ச எடத்துல வேகமா ஓடுனா கப்பல் தண்ணிக்குள்ள அமுங்கும். திறந்த கடலுக்கு பாரஸ்ங்கற நிபுணர் சொன்ன சுருக்கு கணக்கு, பிளாக் கோஎஃபிஷியன்ட்ட (கப்பலோட அடிப்பாகம் எவ்வளவு பெட்டி மாதிரி நிறைஞ்சிருக்குங்கற எண்) நாட்ல இருக்கிற வேகத்தோட வர்க்கத்தால பெருக்கி 100ஆல வகுக்கிறது. 0.7ன்னா 10 நாட்ல 0.7 மீட்டர், 14 நாட்ல 1.4 மீட்டர் கிட்ட. 1992 ஆகஸ்ட் 7ல மாசசூசெட்ஸ் பக்கம் கட்டிஹங்க் தீவுக்கிட்ட க்யூஇ2ங்கற பெரிய பயணிகள் கப்பல் அடிதட்டுனப்ப வேகம் கிட்டத்தட்ட 25 நாட், சார்ட்ல இருந்த ஆழம் 1939 சர்வே, கப்பல் எவ்வளவு அமுங்கும்னு பிரிட்ஜ்ல இருந்தவங்க போட்ட கணக்கு ரொம்ப கம்மி. சோனார் 'கீழ 2 மீட்டர் இருக்கு'ன்னு சொல்லும், அதுல ஒண்ணரைய உங்க வேகமே தின்னுடும்.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். அன்டார்டிக் தீபகற்பத்துல ஒரு குடா, சார்ட்ல அந்த எடம் வெள்ளையா கிடக்கு, ஒரு எண் கூட இல்ல. நான் அப்ப ஒரு சின்ன எக்ஸ்பெடிஷன் கப்பல்ல மாஸ்டர், டிராஃப்ட் 4.8 மீட்டர். 4 நாட் வச்சு, முன்னாடி சோடியாக் ரப்பர் படகுல கைல பிடிக்கிற ஆழமானியோட ரெண்டு பேர அனுப்பிட்டு உள்ள போறோம். ஸ்கிரீன்ல தரை 250 மீட்டர் வரைக்கும் நீலமா, 60 மீட்டர் ஆழத்துல, பாய் விரிச்ச மாதிரி போகுது. திடீர்னு இடது பக்கம் 180 மீட்டர்ல மஞ்சளா ஒரு தீற்றல், கட்டை விரல் நகம் அளவு. அடுத்த பிங்ல (ஒலித்துடிப்பு) இருக்கு, அதுக்கடுத்ததுல இல்ல, மறுபடி வந்துச்சு. செகண்ட் ஆபீசர் பொண்ணு ஸ்கிரீன் மேல விரல வச்சிட்டு எடுக்கவே இல்ல, 'சார், இது கரைய மாட்டேங்குது சார்'னா. ரேஞ்ச படிக்க சொன்னேன். 180, 172, 163... எங்க வேகம் செகண்டுக்கு 2 மீட்டர், நாலு செகண்டுக்கு 8 மீட்டர், கணக்கு அப்படியே ஒத்துப்போச்சு. மீன் கூட்டம்னா நகரும், பழைய வேக் (கப்பல் போன தடம்) குமிழின்னா நீவாட்டோட (நீரோட்டம்) இழுத்துட்டு போயி கலஞ்சிடும். நம்ம வேகத்துக்கு ஈடா, ஒரு மீட்டர் தப்பாம கிட்ட வர்றது தரையில வேர் விட்டு நிக்கிற பொருள்தான். இன்ஜின அஸ்டர்ன் (பின்னோக்கி) போட்டு நிப்பாட்டுனோம், இன்னும் நூறு மீட்டருக்கு மேல பாக்கி இருந்துச்சு. சோடியாக் போயி பாத்தா ஊசி மாதிரி ஒரு பாறை, தண்ணிக்கு மூணரை மீட்டர் கீழ. எங்க கீல் 4.8. அதே எடத்துக்கு 12 நாட்ல வந்திருந்தா அந்த 180 மீட்டரும் முப்பது செகண்டுக்குள்ள முடிஞ்சு, நிப்பாட்டுறதுக்குள்ள நாங்க அதுமேல இருந்திருப்போம்.

இதுக்கு நேர் மாறா இன்னொரு கப்பல்ல நடந்தது. குமிழியும் இரைச்சலும் ஸ்கிரீன்ல கொசகொசன்னு வருதுன்னு ஒரு வாட்ச் ஆபீசர் கெயின (எதிரொலிய எவ்வளவு பெருக்கி காட்டணும்ங்கற செட்டிங்) மொத்தமா கொறச்சு வச்சிட்டார், ஸ்கிரீன் சுத்தமாயிடுச்சு. அடுத்து வந்தவர்கிட்ட சொல்லல. அவர் நாலு மணி நேரம் 'கிளியர்'னு லாக்புக்ல எழுதிட்டு ஓட்டியிருக்கார், உண்மையில மெஷின் காது அடைச்சு கிடந்துச்சு. ஆழக்கடல்ங்கறதால ஒண்ணும் ஆகல. அன்னையில இருந்து என் நைட் ஆர்டர் புக்ல (ராத்திரி டியூட்டிக்கு கேப்டன் எழுதி வைக்கிற உத்தரவு) கெயின், ரேஞ்ச் செட்டிங் ரெண்டையும் வாட்ச் மாறும்போது வாய்விட்டு சொல்லணும்னு எழுதிடுவேன்.

கேள்வி: பைலட் படகுல வேலை. துறைமுக வாசல்ல சோனார் ஸ்கிரீன்ல பேய் மாதிரி எதிரொலி நிறைய வருது, சாயங்காலம் ஆனா இன்னும் மோசம். மெஷின் கெட்டுப்போச்சா? – சென்னை வாசகர்

மெஷின் நல்லாதான் இருக்கும். துறைமுக வாசல்ல இப்பதான் ஒரு பெரிய கப்பல் போயிருக்கும், அதோட வேக்ல குமிழி பல நிமிஷம் தொங்கிட்டு நிக்கும், சோனாருக்கு அது கெட்டியான சுவர். பக்கத்து படகோடதோ உங்களோடதோ, எக்கோ சவுண்டர் கிட்டத்தட்ட அதே அதிர்வெண்ல அடிச்சா கோடு கோடா வரும், உங்க எக்கோ சவுண்டர ஒரு நிமிஷம் நிப்பாட்டி பாருங்க, கோடு போச்சுன்னா திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கான். பௌ திரஸ்டர் (அணியத்த பக்கவாட்டுல தள்ளுற விசிறி) போட்டா கேக்கவே வேணாம், அந்த நேரம் வர்ற படத்த நான் எண்ணிக்கையிலயே சேக்க மாட்டேன்.

சாயங்காலம்னு கவனிச்சிருக்கீங்க பாருங்க, அது நல்ல கவனிப்பு. நாள் பூரா வெயில் அடிச்சா மேல் தண்ணி சூடாகும், கீழ குளிர்ச்சியா இருக்கும். சத்தம் சூட்டுல வேகமா, குளிர்ல மெதுவா ஓடும், அதனால நேரா போக வேண்டிய சத்தம் கீழ வளைஞ்சு சீக்கிரமே தரையில மோதும். தரை எதிரொலி கூடும், ரேஞ்ச் கொறையும், மேல் தண்ணியில மிதக்கிறது தப்பிக்கும். காலைல 200 மீட்டர் பாத்த மெஷின் சாயங்காலம் 120தான் பாக்கும்னா அத ஏத்துக்கிட்டு மெதுவா ஓட்டணும். கடல்ல ஆத்துத்தண்ணி வந்து கலக்குற எடத்துலயும் இதே மாதிரி கோளாறு வரும்.

கேள்வி: இந்த சத்தம் டால்ஃபின், திமிங்கலத்துக்கு கெடுதலா? – கோயம்புத்தூர் வாசகி, கல்லூரி மாணவி

நல்ல கேள்வி கண்ணு. டால்ஃபின் 150 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், முன்னோக்கு சோனார்ல சில மாடல் அதுக்கு கீழதான் அடிக்குது, அதனால அதுக்கு கேக்காதுன்னு சொன்னா பொய். ஆனா கடற்படை நீர்மூழ்கி தேடுற சோனார் சில கிலோஹெர்ட்ஸ்ல, பயங்கர பலத்துல, பல மைல் போறது. இது அதிக அதிர்வெண், சில நூறு மீட்டர்ல அடங்கிடும், ரெண்டையும் ஒண்ணா பாக்கக்கூடாது. இன்னொரு பக்கமும் பாரும்மா, அணியத்துல மோதி சாகுற திமிங்கலம் நிறைய, முன்னாடி தண்ணிக்குள்ள கிடக்கிற திமிங்கலத்த இந்த ஸ்கிரீன்ல பாத்து வேகத்த கொறைக்கவும் முடியும். தேவையில்லாத ஆழக்கடல்ல நிப்பாட்டி வைக்கிறது என் வழக்கம், அதுங்களுக்கும் கொஞ்சம் அமைதி கிடைக்கட்டும்.

கேள்வி: சோனார் உண்மையாவே ஓடுதான்னு எப்படி செக் பண்றது? செல்ஃப் டெஸ்ட்ல எப்பவும் ஓகேன்னுதான் வருது. – தூத்துக்குடி, இன்னொரு வாசகர்

செல்ஃப் டெஸ்ட் கரன்ட்ட பாக்கும், தண்ணிய பாக்காது. டிரான்ஸ்டியூசர் மேல சிப்பியும் பாசியும் படிஞ்சு காது அடைச்சிருந்தாலும் அது ஓகேன்னுதான் சொல்லும்.

துறைமுகத்த விட்டு வெளிய வரும்போது எடம் தெரிஞ்ச ஒரு பொருள எடுத்துக்கங்க, பிரேக்வாட்டர் முனையோ, மிதவைய கட்டியிருக்கிற சங்கிலியோ, சார்ட்ல நல்லா அளந்த ஒரு சரிவோ எதுவா இருந்தாலும் சரி. ரேடார்ல அதோட தூரம் என்னன்னு பாருங்க, சோனார்ல எத்தன மீட்டர்ல முதல் தடவை தெரிஞ்சுச்சுன்னு பாருங்க, திசை ஒத்துப்போகுதான்னு பாருங்க. எக்கோ சவுண்டர் ஆழமும், சோனார் காலடியில காட்டுற ஆழமும், சார்ட் ஆழத்தோட அன்னைக்கு அலையேத்தத்த கூட்டுனதும், மூணும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட இருக்கணும். லாக்புக்ல தேதி, ஆழம், கடல் எப்படி இருந்துச்சு, தரை எதுவரைக்கும் தெரிஞ்சுச்சு, இந்த நாலையும் ஒரு வரியில எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு அதே முனைய 300 மீட்டர்ல பாத்த மெஷின் 180லதான் பாக்குதுன்னா டிரை டாக் (கப்பல தண்ணிய விட்டு ஏத்தி பழுது பாக்குறது) வர்ற வரைக்கும் காத்திருக்காம டைவர எறக்கி டிரான்ஸ்டியூசர் முகத்த தொடச்சிட சொல்லுங்க. சொரண்டாம, பஞ்சாலயோ மெல்லிசு பிரஷ்ஷாலயோ தொடைக்கணும், அந்த முகத்துல கோடு விழக்கூடாது.